மூவாயிரத்துக்குக் கீழே

2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி நமது ஏடுகளில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. மொழித் திணிப்பு, வணிகமயம், அதிகாரக் குவிப்பு, வகுப்புவாத நோக்கு என அதன் பல முகங்களையும் அம்பலப்படுத்தியிருக்கிறோம். ஆனால் அந்த ஆவணத்தில் உள்ள ஓர் எண் போதிய கவனத்தைப் பெறவில்லை. உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் 3,000 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட பெரிய, பல்துறை நிறுவனமாக மாறுவதை இலக்காகக் கொள்ள வேண்டும், 2040க்குள் இது நிறைவேற வேண்டும் என்கிறது கொள்கை. உயர்கல்வியின் கட்டமைப்பைப் பொறுத்தவரை தனது பரிந்துரைகளிலேயே மிக உயர்ந்தது இதுதான் என்றும் அது கூறிக்கொள்கிறது. தட்சசீலம், நாளந்தா என்று பழம்பெருமை பேசும் பகுதிக்கு அருகில் இந்த எண் வருவதால், பலரும் அதை அலங்காரமாக எண்ணிக் கடந்துவிட்டார்கள்.

அது அலங்காரம் அல்ல. 2019இல் கஸ்தூரிரங்கன் குழு அளித்த வரைவறிக்கையே ஒரு கணக்கைச் சொன்னது. நாட்டின் கல்லூரிகளில் 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் நூறு மாணவர்கள்கூட இல்லை; 3,000 பேருக்கு மேல் படிக்கும் கல்லூரிகள் வெறும் 4 விழுக்காடுதான். அந்தக் கணக்கின்படியே பார்த்தாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கல்லூரிகள் இந்த வரம்புக்குக் கீழே நிற்கின்றன. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கை நாட்டில் 45,473 கல்லூரிகள் இருப்பதாகச் சொல்கிறது. ஒரு கல்லூரிக்குச் சராசரியாக எழுநூறு மாணவர்கள். நமது கல்லூரி என்றால் அது சிறிய கல்லூரிதான். தில்லியின் புகழ்பெற்ற வளாகங்களும் சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களின் நூற்றாண்டு கண்ட கல்லூரிகளும் விதிவிலக்குகள். இந்திய மாணவனின் இயல்பான கல்லூரி வாழ்க்கை, ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில், பேருந்து நிறுத்தத்திலிருந்து சற்று நடக்க வேண்டிய தொலைவில், நான்கைந்து துறைகள் கொண்ட ஒரு கட்டடத்தில்தான் நடக்கிறது.

"பெரிது என்றால் சிறப்பு" என்ற வாதத்தை அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே சோதிக்கலாம். பீகாரில் 18 முதல் 23 வயது வரையுள்ள ஒரு லட்சம் பேருக்கு 7 கல்லூரிகள். ஜார்க்கண்டில் 8. தேசியச் சராசரி 30. கர்நாடகாவில் 66. கல்லூரிகள் இவ்வளவு குறைவாக இருப்பதாலேயே பீகாரிலும் ஜார்க்கண்டிலும் ஒவ்வொரு கல்லூரியிலும் கூட்டம் நிரம்பி வழிகிறது. பீகாரில் ஒரு கல்லூரியின் சராசரி மாணவர் எண்ணிக்கை இரண்டாயிரத்தை ஒட்டி இருக்கிறது. தேசியச் சராசரியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கொள்கை வகுப்பாளர்களின் கனவுக்கு மிக அருகில் இருக்கும் மாநிலம் பீகார்தான் என்று சொல்ல வேண்டும்! உயர்கல்வியில் அதன் மொத்தச் சேர்க்கை விகிதமோ 17.1. ஜார்க்கண்டில் 18.6. நாடு முழுமைக்கும் 28.4. அருகில் கல்லூரி இல்லாத இடத்தில் இருக்கும் கல்லூரி பெரிதாகிறது. கல்லூரிக்கு வராமலே நின்றுவிடும் இளைஞர்களின் கூட்டமும் பெரிதாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கர்நாடகாவின் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. கட்டணம் செலுத்த முடிந்தவர்களுக்கே அவற்றின் கதவு திறக்கும். அதை நாம் முன்மாதிரியாகக் காட்டவில்லை. நாடு முழுவதும் பார்த்தாலும் நிலைமை அதுவே: அரசுக் கல்லூரிகள் மொத்தத்தில் 21.5 விழுக்காடுதான், ஆனால் கல்லூரி மாணவர்களில் 34.8 விழுக்காட்டினர் அவற்றில்தான் படிக்கிறார்கள். ஏழைக்கு அரசுக் கல்லூரியை விட்டால் வேறு புகலிடம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டாண்டுகளுக்கு முன்பு, மாணவர் அமைப்பின் பயிற்சி முகாம் ஒன்றுக்காக ஜார்க்கண்டின் சந்தால் பர்கானா பகுதிக்குச் சென்றிருந்தபோது, அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் ஒரு பகல் முழுவதும் இருக்க நேர்ந்தது. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் அங்கே பணிபுரிவோருக்குத்தான் தொல்லை. ஏறத்தாழ அறுநூறு மாணவர்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்துமிடம்தான் அந்த வளாகத்திலேயே நிரம்பி வழியும் இடம். நூலகம் நாளுக்கு இரண்டு மணி நேரம் திறந்திருக்கும்; ஏனெனில் நூலகத்தைக் கவனிப்பவரே அலுவலகக் கணக்கையும் எழுத வேண்டும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கதவில் பூட்டு. நிரந்தர ஆசிரியர் பணி ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை என்றார்கள். வரலாற்றுத் துறையில் ஒருவர். அரசியல் அறிவியலில் ஒருவர். அவர்களில் ஒருவருக்குத்தான் நிரந்தரப் பணி. மற்றவர் அங்கே "கண்டி ஆதாரித்" என்று அழைக்கப்படும் ஆசிரியர். கண்டி என்றால் மணி. எத்தனை முறை வகுப்பு மணி அடித்ததோ அத்தனைக்குக் கூலி. தேர்வுக் காலத்தில் மணி அடிக்காது, கூலியும் கிடையாது. ஆலைத் தொழிலாளிக்கு உற்பத்தி அளவைப் பார்த்துக் கூலி கொடுக்கும் முறையைப் பற்றி மார்க்ஸ் எழுதியதை வகுப்பெடுக்கும் அரசியல் அறிவியல் ஆசிரியர், தானே அந்த முறையில் கூலி வாங்குகிறார்.

ஆனால் அந்தக் கல்லூரியில் சந்தாலி மொழித் துறை ஒன்று இருந்தது. அதன் வகுப்பறை மட்டும் அன்று நிறைந்திருந்தது. அங்கு படித்த ஒரு மாணவி, தன் ஊரிலிருந்து சைக்கிளில் ஒன்பது கிலோமீட்டர் வந்து, பிறகு பங்கு ஆட்டோவில் ஏறி வருவதாகச் சொன்னார். அவருடைய குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள். மாவட்டத் தலைநகரில் உள்ள பெரிய கல்லூரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்டேன். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். விடுதியில் இடம் கிடைத்தால் போகலாம். விடுதியில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் அப்பா அனுப்பமாட்டார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரு சிறிய துறை என்ன செய்ய முடியும் என்பதற்கு ஜார்க்கண்டிலேயே வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ராம் தயாள் முண்டா நாடு திரும்பி, 1980களின் தொடக்கத்தில் ராஞ்சி பல்கலைக்கழகத்தில் பழங்குடி மற்றும் வட்டார மொழிகள் துறையைக் கட்டியெழுப்பினார். முண்டாரி, சந்தாலி, ஹோ, குடுக், கரியா ஆகிய பழங்குடி மொழிகளும் நாக்புரி, கோர்தா, குர்மாலி, பஞ்ச்பர்கனியா ஆகிய வட்டார மொழிகளும் அங்கே பாடமாயின. மாணவர் தலைகளை எண்ணிப் பார்த்திருந்தால் அப்படியொரு துறை பிறந்தே இருக்காது. அந்தத் துறையின் வகுப்பறைகளிலிருந்து ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் மட்டுமல்ல, ஜார்க்கண்ட் மாநிலக் கோரிக்கையின் அறிவுப்படையும் உருவானது. 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து, 2003இல் 92ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் வழியாக எட்டாவது அட்டவணைக்குள் வந்த சந்தாலி மொழி — இவற்றுக்கெல்லாம் அட்டவணையில் இடம் கொடுத்துவிட்டால் போதாது. கல்லூரியில் துறையும், துறைக்கு ஆசிரியரும் வேண்டும். தாய்மொழிக் கல்வியைப் பற்றி நீட்டி முழக்கும் அதே கொள்கை ஆவணம்தான், இந்தத் துறைகள் வாழும் கல்லூரிகளை வரம்புக்குக் கீழே நிறுத்துகிறது.

இனி, அந்தக் கொள்கை கொண்டுவந்த நான்காண்டுப் பட்டம் சிறிய கல்லூரியின் துறையை எப்படி நெரிக்கிறது என்பதைப் பார்ப்போம். இது பொதுவாகப் பேசப்படும் அளவுக்குக் கணக்காகப் பேசப்படுவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி, நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட்டுகள். அவற்றில் முதன்மைப் பாடத்துக்கு 80, துணைப் பாடத்துக்கு 32. ஒரு தாளுக்கு நான்கு கிரெடிட் என்று வைத்தால் முதன்மைப் பாடத்தில் மட்டும் 20 தாள்கள். நான்கு ஆண்டு மாணவர்களும் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருப்பார்கள் என்பதால், ஒரு பருவத்தில் அந்தத் துறை 10 தாள்களை நடத்த வேண்டும். தாளுக்கு வாரம் 4 மணி நேரம் என்றால் 40 மணி நேரம். துணைப் பாடத்தின் நான்கு தாள்களுக்கு இன்னும் 16. ஆக 56 மணி நேரம். மானியக் குழுவின் விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். அதாவது, துறைக்குக் குறைந்தது மூன்றரை ஆசிரியர்கள் தேவை. மற்றத் துறை மாணவர்களுக்கான பல்துறைப் பாடம், திறன் மேம்பாடு, மதிப்புக் கூட்டுப் பாடம், உள்ளகப் பயிற்சி, நான்காம் ஆண்டின் ஆய்வுத் திட்டம் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அறிவியல் துறையின் செய்முறை வகுப்புகளையும் சேர்க்கவில்லை.

நான் பார்த்த கல்லூரியில் துறைக்கு ஓர் ஆசிரியர். ஜார்க்கண்டில் 2022 முதலும் பீகாரில் 2023 முதலும் இந்த நான்காண்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆசிரியர்கள்? வரவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2013இல் இதேபோன்ற திட்டம் திணிக்கப்பட்டபோது ஆசிரியர்களும் மாணவர்களும் போராடி 2014 ஜூனில் அதைத் திரும்பப் பெறச் செய்தார்கள். 2022இல் அது மறுபடியும் வந்தது. தில்லிக் கல்லூரிகளுக்கு அதை எதிர்த்துப் பேச வலுவான ஆசிரியர் சங்கம் இருக்கிறது. செய்தியாளர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். சந்தால் பர்கானாவில் மணிக்கணக்குக் கூலி பெறும் ஆசிரியர் எதிர்த்துப் பேசினால் அடுத்த பருவத்தில் அவருக்கு மணி அடிக்காது.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசின் காலத்திலும் 2024 ஜூலை முதல் நான்காண்டுப் பட்டம் தொடங்கப்பட்டது. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அங்கே 1972இலேயே தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்கும் ஒப்பந்தம் போராட்டத்தின் வழியாக வென்றெடுக்கப்பட்டது. ஊதியம் பெறும் நிரந்தர ஆசிரியர்களைக் கொண்ட துறைகள் அங்கே வேரூன்றியவை. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல. ஆயினும் வேலைப்பளுவின் கணக்கு எந்த மாநிலத்திலும் ஒன்றுதான். பணியிடங்களுக்குச் சட்டபூர்வமான உத்தரவாதம் இருக்கிறதா என்ற கேள்வியை நாம் ராஞ்சியில் கேட்டால் திருவனந்தபுரத்திலும் கேட்க வேண்டும்.

ஆசிரியரும் இல்லை, தாள்கள் மட்டும் பெருகிவிட்டன என்றால் கல்லூரி என்ன செய்யும்? அதற்கும் வழி வகுத்து வைத்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், ஒரு பருவத்தின் தாள்களில் 40 விழுக்காடு வரை "ஸ்வயம்" இணையதளத்தின் வழியாகப் படிக்கலாம் என அனுமதிக்கின்றன. கைப்பேசி ஒன்று, குடும்பம் முழுவதற்கும் பொதுவாக இருக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவிக்கு, ஆசிரியருக்குப் பதிலாகக் காணொலி. 2022 செப்டம்பரில் மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், அருகருகே உள்ள கல்லூரிகள் கூட்டாக இயங்கலாம், ஒரே நிர்வாகத்தின் கீழுள்ளவை இணைந்துவிடலாம் என்று யோசனை சொல்கின்றன. யோசனை என்றுதான் பெயர். 2023இல் "ரூசா" திட்டம் "பிஎம் உஷா" எனப் பெயர் மாறியபோது, மாநிலங்கள் தேசியக் கல்விக் கொள்கையை நிறைவேற்றுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் நிதி என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது. 1976இன் 42ஆவது திருத்தத்தில் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனதன் விளைவை இன்று கையெழுத்துக்கான கோடாகப் பார்க்கிறோம். 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு ஒழுங்குமுறைகளோ, ஒப்பந்த ஆசிரியர்கள் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2018இல் இருந்த கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டன. முதலில் ஆசிரியரை எடுத்துவிடு. துறை தளர்ந்ததும் மாணவர் குறைவார்கள். மாணவர் குறைந்ததும் கல்லூரியை இணைத்துவிடு. மின்வாரியங்களிலும் அரசுப் பேருந்துக் கழகங்களிலும் நாம் கண்ட அதே வரிசைமுறை இது.

பள்ளிக்கல்வியில் இது நடந்தேறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூனில் உத்தரப் பிரதேச அரசு, ஐம்பதுக்கும் குறைவான குழந்தைகள் படிக்கும் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க உத்தரவிட்டது. கல்லூரிகளைப் பொறுத்தவரை காங்கிரசும் இதில் பின்தங்கவில்லை. ஹிமாச்சலப் பிரதேசத்தில் 2022 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே, முந்தைய பாஜக அரசு தன் கடைசிக் காலத்தில் அறிவித்த கல்லூரிகள் பலவற்றை, மாணவர் சேர்க்கை குறைவு என்று சொல்லி காங்கிரஸ் அரசு ரத்து செய்தது. தேர்தலுக்கு முன்பு கட்டடமும் ஆசிரியரும் இல்லாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிய பாஜகவின் மோசடியை மறுப்பதற்கில்லை. ஆனால் மலை மாநிலத்தில் சேர்க்கை குறைவாகத்தான் இருக்கும். பனிக்காலத்தில் ஒரு கணவாயைத் தாண்டி இன்னொரு கல்லூரிக்குப் போகச் சொல்வது, படிக்க வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். பெயர்ப்பலகையை உண்மையான கல்லூரியாக ஆக்குவது ஒரு வழி. பலகையையே கழற்றிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் செலவில்லை.

சிறியது எல்லாமே நல்லது என்று வாதிடுவதற்காக இதை எழுதவில்லை. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழுவே ஒரு கல்லூரியில் குறைந்தது 500 மாணவர்களாவது இருக்க வேண்டும், ஆயிரமாக உயர்ந்தால் நல்லது என்றுதான் கருதியது. நூலகமும் ஆய்வுக்கூடமும் விளையாட்டுத் திடலும் கொண்ட கல்லூரியை இருபது மாணவர்களுக்காக நடத்துவது கடினம் என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதே கோத்தாரிக் குழு, தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றும் சொன்னது. அறுபது ஆண்டுகளாக எந்த அரசும் அந்த இலக்கை எட்டவில்லை. பரிந்துரையின் செலவுப் பகுதியை விட்டுவிட்டு எண்ணிக்கைப் பகுதியை மட்டும் பெருக்கிக்கொள்வது நேர்மையான வாசிப்பு ஆகாது. அதேபோல, சாலையோரக் கட்டடம் ஒன்றில் பி.எட். பட்டத்தை விற்கும் கடைகளை நாம் காப்பாற்ற வேண்டியதில்லை. நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012லேயே அந்தக் கடைகளின் தோலை உரித்துவிட்டது. அந்தக் கடைகளையும், ஆசிரியர் இல்லாததால் மெலிந்துபோன அரசுக் கல்லூரியையும் "சிதறிக் கிடக்கும் நிறுவனங்கள்" என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதில்தான் கொள்கையின் சூழ்ச்சி இருக்கிறது. கடைகளுக்கு முதல் போட்டவர்கள் நிலம் வாங்கிப் பெரிதாகிக்கொள்வார்கள். மூவாயிரம் என்ற வரம்பு அவர்களுக்கு ஒரு தடையே அல்ல. போட்டியாளரை ஒழித்துத் தரும் உதவி.

2021-22ஆம் ஆண்டில் உயர்கல்வியில் பெண்களின் எண்ணிக்கை 2.07 கோடி. அவர்களின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.5; ஆண்களுடையதைவிடச் சற்றே அதிகம். இதை ஒன்றிய அமைச்சர்கள் தங்கள் சாதனையாக மேடைதோறும் சொல்கிறார்கள். அந்தப் பெண்கள் எங்கே படிக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. நாட்டின் கல்லூரிகளில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு கிராமப்புறங்களில் இருக்கின்றன. மாலைக்குள் வீடு திரும்ப முடிகிற தொலைவில் ஒரு கல்லூரி இருந்ததால்தான் இந்தப் பெண்களில் மிகப் பலர் படிக்க வந்தார்கள் என்பது என் துணிபு. கிராமப்புறத்தில் மாதர் அமைப்பில் வேலை செய்யும் எந்தத் தோழரைக் கேட்டாலும் இதையே சொல்வார். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் "பல்துறை மையத்துக்கு" அந்தப் பெண் போக வேண்டுமென்றால் விடுதி வேண்டும், உதவித்தொகை வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகையில் ஒன்றிய அரசு தன் பங்கைக் கிட்டத்தட்டக் கைகழுவியிருந்த நிலையில், எதிர்ப்புகளுக்குப் பிறகு 2020 டிசம்பரில்தான் 60:40 என்ற விகிதத்துக்கு இறங்கி வந்தது. அந்தப் பணமும் கல்வியாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தால் விடுதிக் கட்டணத்தை யார் கட்டுவது?

மாணவர் வாழ்க்கையைப் பற்றி இதுவரை சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். சிறிய கல்லூரியில் மாணவர் பேரவை இல்லை. 2006 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்ட லிங்டோ குழுப் பரிந்துரைகள் வேட்பாளருக்கு வயது வரம்பும் 75 விழுக்காடு வருகைப் பதிவும் 5,000 ரூபாய்ச் செலவு வரம்பும் விதித்தன. ஒரு முறைக்கு மேல் நிர்வாகியாகப் போட்டியிடக் கூடாது என்றன. அவற்றின் மீது நமக்கு விமர்சனங்கள் உண்டு. ஆனால் கல்வியாண்டு தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் ஆண்டுதோறும் தேர்தல் நடத்த வேண்டும் என்று அதே பரிந்துரைகள் சொன்னதை அரசுகள் வசதியாக மறந்துவிட்டன. மேற்கு வங்கத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் 2017க்குப் பிறகு தேர்தலே இல்லை. ராஜஸ்தானில் 2023இல் அன்றைய காங்கிரஸ் அரசு தேர்தலை நிறுத்தியது. அடுத்து வந்த பாஜக அரசும் அதைத் தொடர்ந்தது. கட்டுப்பாடுகள் மட்டும் செல்லுபடியாகின்றன, உரிமை செல்லுபடியாகவில்லை.

பேரவை இல்லாத கல்லூரியில் எதுவும் நடப்பதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நான் சென்ற கல்லூரியில், 1855ஆம் ஆண்டின் சந்தால் எழுச்சியை நினைவுகூரும் ஜூன் 30 அன்று மாணவர்களே ஊர்வலமும் கூட்டமும் நடத்துகிறார்கள். சித்து, கானு சிலைகளுக்கு மாலை அணிவிக்க வந்து போகும் அமைச்சர்களின் விழா வேறு, இவர்களுடையது வேறு. அதற்கென ஒரு குழு இருக்கிறது. குழு என்றால் பதிவேடு ஒன்றும் பத்துப் பதினைந்து பெயர்களும்தான். ஆய்வுக்கூடத்தைத் திறக்கக் கோரி மனு எழுதியதும், மாலைப் பேருந்தின் நேரத்தைக் கல்லூரி முடியும் நேரத்துக்கு மாற்றச் சொல்லி வட்டார அலுவலகத்துக்குப் போனதும் அதே குழுதான். பேருந்து நேரம் மாறிவிட்டது. ஆய்வுக்கூடம் திறக்கவில்லை.

இங்கேதான் நமது பங்கைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பேரவைத் தேர்தல் முடிவுக்காக நாம் இரவெல்லாம் விழித்திருக்கிறோம். 2019இல் அங்கே விடுதிக் கட்டண உயர்வுக்கு எதிராக நடந்த வீரஞ்செறிந்த போராட்டத்தை நாடே பார்த்தது. அதில் பெருமைப்பட நியாயம் உண்டு. ஆனால் எழுநூறு பேர் படிக்கும் கல்லூரிகளில் எத்தனையில் நமது மாணவர் அமைப்பின் கிளை இருக்கிறது? மாவட்டக் குழுக்களின் அறிக்கைகளில் "கல்லூரிகள்" என்ற தலைப்பின் கீழ் மாவட்டத் தலைநகரின் ஒன்றிரண்டு பெரிய கல்லூரிகளின் பெயர்கள்தான் ஆண்டுக்காண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. சிறிய கல்லூரியில் மாணவர் மூன்றாண்டுகளில் வெளியேறிவிடுகிறார். கிளை அவரோடு முடிந்துபோகிறது. வேலை கடினம்தான். ஆசிரியர்களான நமது தோழர்களையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். சிறிய ஊருக்கு மாற்றல் வந்தால் அதைத் தண்டனையாகக் கருதி, மாவட்டத் தலைநகரிலிருந்து ரயிலேறிப் போய்வந்து, இரண்டு மணிக்கு மேல் வளாகத்தில் இருக்காத பழக்கம் நமக்குள்ளும் உண்டு. அந்த ரயில் நேரத்தை மாணவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். கல்லூரியை மூட வருபவனுக்கு எதிராக ஊர் மக்களைத் திரட்ட நாளை நாம் போய் நிற்கும்போது, இதுவும் அவர்களின் நினைவில் இருக்கும்.

ஊர் மக்கள் திரளுவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிறு நகரங்களின் கல்லூரிகளில் பல, விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தந்த ஊரார் நிலமும் நெல்லும் உழைப்பும் கொடுத்து எழுப்பியவை. பிறகுதான் அரசு அவற்றை ஏற்றது. தங்கள் கல்லூரியில் எந்தெந்தத் துறையில் எத்தனை பணியிடங்கள் காலியாக உள்ளன என்ற பட்டியலை அந்த ஊரின் தேநீர்க் கடையிலும் சந்தையிலும் வைத்தால் போதும், கேள்விகள் தாமாகவே எழும். மாணவர், ஆசிரியர், மாதர், விவசாயிகள் அமைப்புகள் சேர்ந்து ஒரு வட்டாரத்துக்கு ஒரு கல்லூரி என்று எடுத்துக்கொண்டு, இந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். துறைவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரந்தர ஆசிரியர், மணிக்கணக்கு ஆசிரியர், நூலகம் திறந்திருக்கும் நேரம், கடைசியாகப் பேரவைத் தேர்தல் நடந்த ஆண்டு, கடைசிப் பேருந்து புறப்படும் நேரம். கடைசி இரண்டையும் அலுவலகத்தில் கேட்க வேண்டாம். சைக்கிள் நிறுத்துமிடத்தில் கேட்டால் உடனே பதில் கிடைக்கும்.